கொலெத்தாவும் காலி வண்டிகளும்

பல்கலைக்கழகம் திறந்த அன்று கொலெத்தா அழுதாள் என்பது உண்மைதான். அழ வைத்தது புகை. நகரசபை கொடுத்தனுப்பிய நிலக்கரி நனைந்து கிடந்தது. கூடத்தின் இரண்டு கணப்புகளும் பற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து, புகையை எல்லாம் அவள் முகத்திலேயே விட்டன. மேடையில் வக்கீல் ரோஸ்பீக் இரண்டு கைகளையும் விரித்து, இந்த வீட்டில் அறிவு எந்தப் பீடத்துக்கு முன்னாலும் மண்டியிடாது என்று முழங்கிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு கூலிக்காரப் பெண் இடுப்பில் முன்னால் கட்டிய வேலைத்துணியால் கண்ணைத் துடைப்பது அவர் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம், போன விருந்துகளில் எல்லாம் அவர் சொன்ன கதை அதுதான். தரை துடைக்கிறவளின் நெஞ்சையே தொட்டுவிட்டதாம் அவருடைய பேச்சு.

கொலெத்தாவின் புருஷன் லாம்பெர்ட் இதைக் கேள்விப்பட்டு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

"அடுத்த தடவ காஞ்ச கரியா அனுப்பச் சொல்லு. அப்பவும் அழுதேன்னா நானே ஒத்துக்கறேன்" என்றாள் அவள்.

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்து நான்காம் வருஷம். பிரஸ்ஸல்ஸில் அப்போது எல்லாமே புதுசு. நாடு புதுசு, கொடி புதுசு, ராஜா புதுசு. ஆயர்கள் தங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் திறக்கப்போவதாக அறிவித்ததும், நகரத்து வக்கீல்களும் டாக்டர்களும் வியாபாரிகளும் ரோஷம் வந்து, ஒரே கோடைக்குள் பதிலுக்கு ஒன்றைக் கிளப்பிவிட்டார்கள். அங்கே பாடம் நடத்த எந்த ஆயரின் அனுமதியும் வேண்டாம். வாத்தியார் தான் கண்டதைச் சொல்லலாம். மாணவன் சந்தேகப்பட்டதைக் கேட்கலாம். சொந்தக் கட்டடம் இல்லை. பழைய அரண்மனை ஒன்றின் ஒழுகுகிற அறைகளை இரவல் வாங்கினார்கள். வாசலில் நிற்க லாம்பெர்ட்டையும், கணப்பு மூட்டித் தரை துடைக்கக் கொலெத்தாவையும் அமர்த்தினார்கள்.

லாம்பெர்ட் கால்வாய்த் துறையில் மூட்டை தூக்கியவன். நாலு வருஷத்துக்கு முன்னால் டச்சுக்காரனை விரட்டிய செப்டம்பர் சண்டையில், பூங்கா அருகே தெருக்கல்லைப் பெயர்த்துத் தடுப்புக்குச் சுமந்தான். அதே தடுப்புக்குப் பின்னால் வக்கீல் ரோஸ்பீக் ஒரு துப்பாக்கியோடு குந்தியிருந்தார். அதை எந்தப் பக்கம் நிரப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. லாம்பெர்ட் நிரப்பிக் கொடுத்தான். அந்தப் பழக்கத்தில் வந்ததுதான் வேலை. நீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான், கையில் ஒரு தடி. வாத்தியாருக்கு முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்து, தடியால் தரையில் தட்ட வேண்டும். மாணவர்கள் எழுந்து நிற்பார்கள். அதோடு அவன் வேலை முடிந்தது. ஆனால் அவன் வெளியே வரமாட்டான். கதவு ஓரமாகவே நின்று பாடம் முடியும்வரை கேட்பான்.

அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு துறைமுகத்துப் பிரெஞ்சு. சரக்குகளின் பெயரும் வசவுகளும்தான் அதில் அதிகம். இருந்தாலும் மாசக்கணக்கில் நின்று கேட்டதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. வீட்டுக்கு வந்து, ரொட்டியைப் பீரில் நனைத்துத் தின்றுகொண்டே கதை சொல்வான்.

"பூமிக்கு வயசு நம்ம கோவில் சாமியாரு சொல்றதவிட ரொம்ப ஜாஸ்தியாம் கொலெத்தா."

"உனக்கு வயசாறதப் பாரு. கூரை ஒழுகுது, ஏறி அடைக்க ஆளில்ல."

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அவள் மீன்சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் பிறந்தவள். மாதாவிடம் அவளுக்கு இருந்தது சாதாரண நம்பிக்கை. பல் வலித்தால் மெழுகுவத்தி, வலி போனால் இன்னொன்று. ஆனால் கோவிலோடு அவளைக் கட்டிப்போட்டிருந்த கயிறு வேறு. அவர்களுக்கு மியெத் என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. தொண்டை அடைப்பு வந்து நாலு வயசில் போய்விட்டது. நகரவாசலுக்கு வெளியே, பங்குக் கல்லறைத் தோட்டத்தில், மந்திரித்த மண்ணில் குழந்தைகள் வரிசையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். சாகும்போது அந்த வரிசைக்குப் பக்கத்தில் எங்காவது இடம் கிடைக்க வேண்டும். கொலெத்தா கடவுளிடம் கேட்டது அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தின முதல் தபசு காலத்திலேயே அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தார் பங்குச் சாமியார் ஸ்வெர்த்ஸ். சந்தில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். பஞ்சத்தில் தன் வீட்டுச் சூப்பை வாளியில் கொண்டுவந்து ஊற்றியவர். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தைக் கண்டித்து ஆயர்கள் அனுப்பிய சுற்றுமடலைப் பிரசங்க மேடையில் வாசித்த பிறகு அவர் வேறு ஆள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போன லாம்பெர்ட்டிடம், அந்த வேலையை விட்டால்தான் பாவமன்னிப்பு என்று சொல்லிவிட்டார். நான் கதவுதானே சாமி திறக்கிறேன், பாடமா நடத்துகிறேன் என்று லாம்பெர்ட் கேட்டிருக்கிறான்.

"நரகத்துக்கும் கதவு தெறக்க ஒரு ஆளு வேணும்ல லாம்பெர்ட்டு" என்றாராம் அவர்.

அங்கே தரை துடைக்கும் கொலெத்தாவுக்கும் அதே பதில்தான். மன்னிப்பு இல்லையென்றால் பூசையில் நற்கருணை அப்பம் இல்லை. அந்த ஈஸ்டர் பூசையில் மொத்தக் கோவிலும் எழுந்து பீடத்துக்குப் போனபோது, பெஞ்சில் இவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மீன் விற்கும் சீஸ்கா, கொலெத்தாவின் சிறுவயதுத் தோழி, வெளியே வந்ததும் சொன்னாள்: "ரெண்டு பேரும் படகத் தவறவிட்ட மாதிரி உக்காந்திருந்தீங்கடி. பாக்க சகிக்கல."

அன்று கொலெத்தா இன்னொன்றும் பார்த்தாள். முன்வரிசையில் வக்கீல் ரோஸ்பீக்கின் மனைவி. பக்கத்தில் வெள்ளை முக்காடு போட்ட இரண்டு மகள்கள். மூவரும் நற்கருணை வாங்கிக்கொண்டு கண்ணை மூடித் திரும்பினார்கள். வக்கீல் வெளியே வண்டியில் காத்திருந்தார். மனைவிக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, வாசலில் நின்ற சாமியாருக்குத் தொப்பியைத் தூக்கினார். சாமியாரும் தலையசைத்தார். பல்கலைக்கழகத்தைக் கட்டியவருக்கு வணக்கம், அதன் கதவைத் திறப்பவனுக்கு நரகம்.

வீட்டில் சண்டை நடந்தது. துறைக்கே திரும்பிப் போ, மூட்டை தூக்கு, மானத்தோடு கோவிலுக்குப் போகலாம் என்று அவள் வாரம் முழுக்கச் சொன்னாள். வக்கீல் மனைவியைக் காட்டித் திட்டினாள். அவர் வீடு அவர் இஷ்டம் என்று லாம்பெர்ட் விட்டுவிட்டான். கடைசியில் ஒருநாள் அவன் நிதானமாகப் பதில் சொன்னான்.

"கல்லு தூக்குன்னாங்க, தூக்கினேன். எதுக்குன்னு எவனும் சொல்லல, நானும் கேக்கல. இங்க வந்துதான் எதுக்குன்னு கேக்கவே கத்துக்கிட்டேன். இத விட்டுட்டு வான்னா எங்க வர்றது சொல்லு."

"கேட்டு முடிச்சிட்டு வெறகு பொள" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு வேலையை விடச் சொல்லவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒழுகும் தாழ்வாரத்தில் நாள் முழுக்க நின்றதால் வந்த காய்ச்சல். பல்கலைக்கழகத்து டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கொலெத்தாவிடம் கண்ணாலேயே சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் சாமியார் ஸ்வெர்த்ஸ், சாகிறவர்களுக்குச் செய்கிற அவஸ்தை பூசுதலுக்கு மந்திரித்த எண்ணெயோடு வந்தார். சந்தில் எல்லோரும் வாசலில் முழந்தாளிட்டார்கள். சீஸ்காவும் இன்னும் இரண்டு பெண்களும் உள்ளே வந்து நின்றார்கள்.

சாமியார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஊழியம் செய்ததற்கு மனம் வருந்துகிறேன் என்று இந்தச் சாட்சிகள் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எண்ணெய் பூசுவேன், மணி அடிக்கும், பிள்ளைக்குப் பக்கத்தில் இடம்.

லாம்பெர்ட் மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எந்திரிச்சு வந்து கதவு தெறக்க முடியல சாமி" என்றான். "நீங்களே தெறந்துக்குங்க."

சீஸ்காவுக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியார் சிரிக்கவில்லை. கொலெத்தாவைப் பார்த்து, நீயாவது சொல்லு என்றார். அவள் சொன்னாள். படுக்கை ஓரம் குனிந்து, கெஞ்சித்தான் சொன்னாள்.

"சொல்லித் தொலையேன்யா. மியெத் அங்க தனியாக் கெடக்கா."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"பொய் சொல்லிட்டு அவ பக்கத்துல போய்ப் படுக்கச் சொல்றியா?"

சாமியார் எண்ணெயை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் லாம்பெர்ட் போனான். கடைசியாகத் தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்டபோது, அவள் கையை ஒருமுறை அழுத்தினான். அதற்குமேல் ஒன்றுமில்லை.

சாமியாரிடமிருந்து உத்தரவு வந்தது. மணி கிடையாது, பூசை கிடையாது, மந்திரித்த மண் கிடையாது. வடக்குச் சுவர் ஓரத்தில் புதைத்துக்கொள்ளலாம். தூக்கு மாட்டிக்கொண்டவர்கள், கூத்தாடிகள், ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுக்கள் எல்லாம் போகும் மூலை அது. சந்தில் அதற்கு நாய்க்குழி என்று பேர்.

அந்தச் சந்தில் ஒரு மனிதன் என்னவாக வாழ்ந்தான் என்பதை அவன் பெட்டிக்குப் பின்னால் நடந்து வரும் ஆட்களைப் பார்த்துத்தான் சொல்வார்கள். குடிகாரனுக்குக்கூடத் துறைக்காரர்கள் நடந்து வருவார்கள். ஆனால் முன்னால் சாமியார் போனால்தான் பின்னால் வருவார்கள். சாமியார் இல்லாத சவத்துக்குப் பின்னால் போனால், பங்கில் ஏழைகளுக்குக் கொடுக்கும் ரொட்டி நின்றுவிடும் என்று எல்லோருக்கும் பயம். இரண்டு பேர் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொல்லியும்விட்டார்கள். கொலெத்தா அவர்களைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள்.

நாய்க்குழிதான் என்று ஆகிவிட்டது. நாயைப் போல இழுத்துக்கொண்டு போய்ப் போடுவதற்கு மட்டும் அவள் விடமாட்டாள். அவன் யாருக்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் செத்தானோ, அவர்கள் நடந்து வரட்டும். கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வக்கீல் ரோஸ்பீக்கின் வீட்டுக்குப் போனாள்.

"வாத்தியாருங்க எல்லாரும் பாடத்துக்குப் போடற அந்தக் கறுப்பு அங்கியப் போட்டுக்கிட்டு அவரு பின்னால நடந்து வரணும் ஐயா. வேற ஒண்ணும் நான் கேக்கல."

வக்கீலுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். லாம்பெர்ட் தங்களில் ஒருவன் என்றார். எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அவள் வீட்டுக்கு வந்து, பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டு நாளில் முதல்முறையாக ஒரு வாய் காப்பி குடித்தாள்.

மறுநாள் காலையில் வக்கீலே சந்துக்குள் வந்தார். மீன் கழிவில் கால் படாமல் தாண்டித் தாண்டி வந்தார். முகத்தில் ஒரு பெருமை. முந்தின நாள் ஆயர் மாளிகையைச் சேர்ந்த பெரிய சாமி ஒருவரோடு சாப்பிட்டாராம். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாம். எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றார். சாகிறவனுக்குப் பேச்சு வராவிட்டால், மனம் வருந்துகிறாயா என்று கேட்கும்போது கையை அழுத்தினாலே போதும், அதைப் பக்கத்தில் இருந்தவர் சாட்சி சொன்னால் சபை ஏற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் வழக்கம். கடைசி நேரத்தில் கையை ஏதாவது அழுத்தினானா என்று விசாரித்தார்.

"அழுத்தினாரு."

வக்கீலுக்கு மூச்சு வந்தது. பிறகென்ன, அதைப் போய்ச் சாமியார் ஸ்வெர்த்ஸிடம் சொன்னால் முடிந்தது என்றார். மணி அடிக்கும். குழந்தைக்குப் பக்கத்திலேயே இடம்.

"தண்ணி வேணுமான்னு கேட்டேன். அதுக்கு அழுத்தினாரு."

"அது அவங்களுக்குத் தெரிய வேண்டாமே அம்மா."

சபலம் இல்லை என்று சொன்னால் பொய். பெட்டிக்குள் கிடந்தவனைப் பார்த்தாள். மியெத்தின் வரிசையை நினைத்தாள். ஒரு சின்னத் தலையாட்டல்தான். ஊரில் எத்தனை பேர் ஆட்டுகிறார்கள். வக்கீல் அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே பேசினார். அவருக்குத் தெரு பாஷை பாதிதான் வரும். அந்தப் பாதியிலேயே உண்மை வெளியே வந்துவிட்டது. பெரிய சாமி பதிலுக்கு ஒன்று ஒப்புக்கொண்டாராம். இந்த வருஷம் பல்கலைக்கழகத்தை எதிர்த்துப் பிரசங்கம் இருக்காதாம். மாணவர் சேர்க்கை நேரம் பாருங்கள், இரண்டு பக்கமும் சச்சரவு இல்லாமல் முடிந்துவிடும் என்றார்.

அவளுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. லாம்பெர்ட்டின் ஒரு வார்த்தையை அவன் உயிரோடிருக்கும்போது சாமியாரால் பிடுங்க முடியவில்லை. செத்த பிறகு அதை எடுத்துக்கொண்டு போய் விருந்து மேஜையில் விற்றுவிட்டு வந்திருக்கிறார் இவர். அதுவும் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு. தன் வீட்டில் மனைவி கோவிலுக்குப் போவதுபோல, தானும் ஒருநாள் எண்ணெய் பூசிக்கொண்டு போகப்போவதுபோல, லாம்பெர்ட்டும் பேச்சுக்குத்தான் பேசியிருப்பான் என்பது அவர் நினைப்பு. மேடையில் சொல்வதை ஒருத்தன் நிஜமாகவே நம்பிவிடுவான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க பேசினதக் கேட்டுத்தான் ஐயா அவரு கெட்டாரு" என்றாள். "சாமி முன்னால பொய் சொல்லாம செத்தாரு. நீங்க என்ன, அவரு வாயில பொய்ய வச்சுப் பொதைக்கலாம்னு வந்திருக்கீங்க. போங்க. நடந்து வர முடியும்னா வாங்க."

வக்கீல் போய்விட்டார். அன்று மத்தியானம் நிர்வாக சபை கூடியது. வேதியியல் சொல்லிக்கொடுத்த இளைஞர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்து, நடந்ததை வந்து அவளிடம் சொன்னார். நீண்ட விவாதமாம். மிக உயர்ந்த விவாதமாம். போவதுதான் தைரியம் என்று சிலர். போனால் பல்கலைக்கழகம் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்று சிலர். சுதந்திரமாகச் சிந்திக்கும் நிறுவனம் தன் உறுப்பினர்களை ஒரு சவத்துக்குப் பின்னால் நடக்கும்படி கட்டாயப்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டாராம். அதை எல்லோரும் ரசித்தார்களாம். கடைசியில், அவரவர் மனசாட்சிப்படி என்று ஓட்டெடுத்து முடித்துக்கொண்டார்கள். நாலு மணி நேரம் பேசியவர்களில் ஒருவராவது செத்தவன் பேரைச் சொன்னாரா என்று கொலெத்தா கேட்டாள். இளைஞர் யோசித்துப் பார்த்துவிட்டு, வாயிற்காவலர் என்றுதான் சொன்னார்கள் என்றார்.

அடக்கத்தன்று காலை, தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டினார்கள். சீஸ்கா வந்திருந்தாள், சந்தைப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு. ரொட்டி போனால் போகட்டும், ஒரு வாரம் மீன் தலையைத் தின்போம் என்றாள். கொஞ்சம் மாணவர்கள் வந்தார்கள். வேதியியல் இளைஞர் ஓட்டை விழுந்த குடையோடு வந்தார்.

சந்து முனையில் குதிரைச் சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோச்சு வண்டிகள் வந்து நின்றன. கறுப்புப் பளபளப்பு, விளக்குகளில் கறுப்புத் துணி, ஜன்னல்களில் இழுத்துவிட்ட திரை. முதல் வண்டி வக்கீல் ரோஸ்பீக்குடையது. பின்னால் வாத்தியார்களுடையவை, டாக்டர்களுடையவை. வந்துவிட்டார்கள். பேசியது எல்லாம் பேச்சு, வந்துவிட்டார்கள். அந்த மனுஷனை அப்படி விரட்டியிருக்க வேண்டாமே என்றுகூட அவளுக்கு இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் வண்டிக்குப் போய், கண்ணாடியில் மெதுவாகத் தட்டினாள். திரை அசையவில்லை.

வண்டிக்காரர் மேலிருந்து குனிந்தார். "உள்ள யாரும் இல்லம்மா. மரியாதைக்கு வண்டிய அனுப்பியிருக்காங்க."

பெரிய மனிதர்கள் மத்தியில் அது வழக்கம்தான். போக மனமில்லாத சாவுக்குத் திரை போட்டு வண்டியை அனுப்புவார்கள். வந்ததுமாச்சு, வராததுமாச்சு. நிர்வாக சபையின் மனசாட்சி கண்டுபிடித்தது அதைத்தான்.

"மரியாத எங்க உக்காந்திருக்கு?" என்றாள் கொலெத்தா. "கதவத் தெற, பாக்கறேன்."

வண்டிக்காரர் இறங்கவில்லை. அவளே கைப்பிடியைத் திருகித் திறந்தாள். உள்ளே சாம்பல் நிறப் பட்டு மெத்தை, ஒரு சுருக்கம் இல்லாமல். திரும்பிப் பார்த்தாள்.

"சீஸ்கா, ஏறுடி."

"ஏன்டி, எங்கிட்ட மீன் நாத்தம் அடிக்குது."

"அடிக்கட்டும். ஏறு. கால நல்லா நீட்டி உக்காரு."

வண்டிக்காரர், அம்மா என் வேலை போய்விடும் என்றார். என் புருஷனே போயாச்சு, நீ பேசாமல் ஓட்டு என்றாள். சீஸ்கா மரச்செருப்போடு ஏறினாள். செதில் ஒட்டிய வேலைத்துணியைப் பட்டின் மேல் பரத்திக்கொண்டு உட்கார்ந்து, ஜன்னல் திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள். அப்புறம் யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. சந்தைப் பெண்கள் ஏறினார்கள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த கரி சுமக்கிறவர்கள் ஏறினார்கள். தலையைக் குனிந்துகொண்டு வரமாட்டேன் என்று சொல்லிப் போன துறைக்காரர்கள் இரண்டு பேர், நடந்து வந்தால்தானே ரொட்டி நிற்கும், வண்டியில் வந்தால் யார் கேட்பது என்று சொல்லிக்கொண்டு டாக்டரின் வண்டியில் ஏறினார்கள். சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. கொலெத்தா ஏறவில்லை. தள்ளுவண்டிக்குப் பின்னால் சேற்றில் நடந்தாள். அவள் பக்கத்தில் ஓட்டைக் குடையோடு வேதியியல் இளைஞர், பின்னால் மாணவர்கள். நகரவாசல்வரை தெருவில் போனவர்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றி நின்றார்கள், ஏதோ மந்திரி செத்துவிட்டார் என்று.

நாய்க்குழியில் ஜெபம் சொல்ல ஆளில்லை. இளைஞர் பிரெஞ்சில் ஏதோ ஆரம்பித்து, குரல் உடைந்து நிறுத்திவிட்டார். எல்லோரும் கொலெத்தாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு பிடி மண்ணை எடுத்தாள்.

"கேட்டாங்க. மாட்டேன்னாரு" என்றாள். "அவ்வளவுதான்." மண்ணைப் போட்டாள். குழந்தைகள் வரிசை இருந்த பக்கம் பார்க்காமல் வெளியே வந்தாள்.

மறுநாள் வக்கீல் ரோஸ்பீக் கூப்பிட்டனுப்பினார். மெத்தையெல்லாம் நாசமாம். பெரிய சாமி கோபமாக இருக்கிறாராம், பல்கலைக்கழகமே ஜனங்களைத் தூண்டிவிட்டு ஊர்வலம் நடத்தியதாகச் சொல்கிறாராம். ஜனங்கள் தாங்களாகவே ஏறிக்கொண்டார்கள், தனக்குத் தெரியாது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லாவிட்டால் அவளை வேலையில் வைத்திருப்பது கஷ்டம்.

"சாமியும் ஒரு வார்த்தைதான் கேட்டாரு. நீங்களும் ஒரு வார்த்தைதான் கேக்கறீங்க" என்றாள். "நான்தான் ஏத்தினேன். வேலையவிட்டு எடுக்கணும்னா சபையக் கூட்டி, எதுக்குன்னு எல்லார் முன்னாலயும் சொல்லி எடுங்க."

சபையைக் கூட்டினால் காலி வண்டிகளைப் பற்றிப் பேச வேண்டிவரும். யாரும் கூட்டவில்லை. வாசலுக்கு வேறு ஆள் தேடுவதையும் அப்படியே விட்டுவிட்டார்கள். கொலெத்தா கணப்பையும் மூட்டி, கதவையும் பார்த்துக்கொண்டாள். லாம்பெர்ட்டைப் போலவே கதவோரம் நின்று கேட்டுக் கேட்டு, அவளுக்கும் பிரெஞ்சு வந்தது. கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மியெத்தைப் பார்க்க மட்டும் போவாள், பிறகு வடக்குச் சுவருக்கு. வக்கீல் ரோஸ்பீக் சில வருஷம் கழித்துச் செத்தார். மூன்று சாமியார்கள், எண்ணெய், மணி, பாட்டு. பல்கலைக்கழகம் முழுக்க அங்கியோடு அவர் பின்னால் நடந்து போயிற்று. ஒருவருக்கும் மனசாட்சி இடிக்கவில்லை. வாசலில் கறுப்புத் துணி கட்டச் சொன்னார்கள். கட்டினாள். வேலை அது.

வெள்ளி விழாவுக்குக் கூடம் நிறைந்திருந்தது. மந்திரிகள், பட்டுத் தொப்பிகள், பூச்சட்டிகள். பல்கலைக்கழகத் தலைவரான புது ரெக்டர் பழைய நாட்களைப் பற்றிப் பேசினார். ஆயர்களின் சீற்றத்தைத் துச்சமாக மதித்து, ஓர் ஏழை வாயிற்காவலரின் பெட்டிக்குப் பின்னால் நம் நிறுவனர்கள் தங்கள் வண்டிகளில் அணிவகுத்துச் சென்ற அந்த மழைநாளை யார் மறக்க முடியும் என்று கேட்டு நிறுத்தினார். கைதட்டல் எழுந்தது.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, கதவோரத்திலிருந்து கொலெத்தா பேசினாள். அவர்கள் பாஷையிலேயே பேசினாள்.

"வண்டி காலியா வந்துச்சு ஐயா."

தலைகள் திரும்பின. என்ன சொன்னீர்கள் அம்மா என்று ரெக்டர் கேட்டார்.

"காலியா வந்துச்சு. அதுல ஏறி வந்தது மீன்காரி சீஸ்காவும் கரிக்காரங்களும். வாத்தியாருங்கள்ல நடந்து வந்தவரு ஒருத்தருதான். அவருக்கு வண்டி கெடையாது. செத்தவரு பேரு லாம்பெர்ட். எழுதிக்குங்க."

ரெக்டர் மரியாதையாகத் தலைகுனிந்து, அச்சில் திருத்திவிடுவதாகச் சொல்லி, அடுத்த பக்கத்துக்குப் போனார். இரண்டு வாரத்தில் பேச்சு அச்சாகி வந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு கட்டு அவளிடம் இறக்கினார்கள். மாணவன் ஒருவனைப் பிடித்து வாசிக்கச் சொன்னாள். மழைநாள் இல்லை. வண்டிகள் இல்லை. லாம்பெர்ட் இல்லை. திருத்தச் சொன்னதை மொத்தமாக எடுத்துவிட்டிருந்தார்கள்.

கொலெத்தா அந்தக் கட்டைக் கிழிக்கவில்லை, கணப்பில் போடவும் இல்லை. வாசலில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கொடுக்கும்போது புத்தகத்தை உடனே கையிலிருந்து விடமாட்டாள்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி. நின்னு கேட்டுட்டுப் போ."

கட்டுத் தீர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. அவள் இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேர வந்த ஒவ்வொருவனும் அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். அவசரம் என்று சொன்னவர்களும் கேட்டார்கள். கதவு அவள் கையில் இருந்தது.